கிணற்றுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரருக்கும், அந்தத் தோட்டங்களுக்கு நடுவே வீடு கட்டிக் குடியிருப்போருக்கும்,



உங்கள் காணி உறுதியை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லையும் பரப்புக் கணக்கும் சொல்லி முடிந்த பிறகு, இன்ன கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் என்று ஒரு வரி வரும். துலா மிதித்து இறைத்த காலத்து வரி அது. யாருக்கு எந்தக் கிழமை முறை, விடியப்புறமா பின்னேரமா, வாய்க்கால் யாருடைய வேலியோரம் போகும் என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். நாலு பட்டைத் தண்ணீர் கூடப் போனதற்காக அண்ணனும் தம்பியும் கோட்டுப் படி ஏறிய கதை இல்லாத ஊர் நம் பக்கத்தில் இல்லை.

தண்ணீரை எடுப்பதற்கு இவ்வளவு கணக்கு வைத்த நாம், தண்ணீருக்குள் எதை விடலாம், எவ்வளவு விடலாம் என்பதற்கு ஒரு வரியும் எழுதிவைக்கவில்லை. அன்றைக்கு அதற்குத் தேவை இருக்கவில்லை. இன்றைக்கு ஒவ்வொரு வளவிலிருந்தும் இரண்டு வழியாக அந்தத் தண்ணீருக்குள் சரக்கு இறங்குகிறது: ஒன்று தோட்டப் பாத்தி, மற்றது மலசலகூடக் குழி. எழுதாமல் விட்ட அந்த வரியை இனி நாமே எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்த மடல்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் ஓடும், கோடையில் மாடு மேயும். நமக்கு இருப்பதெல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கி நிற்கும் மழைநீர் ஒன்றுதான். ஆண்டுக்கு 1,000 முதல் 1,500 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். மேலே இருக்கும் செம்மண் தடிப்பானதல்ல. மண்வெட்டி கல்லில் தட்டும் தோட்டங்கள் உங்களிடமே இருக்கின்றன. அந்தக் கல்லும் முழுக்கல் அல்ல. வெடிப்பும் பொந்துமாக இருப்பது. மணலுக்குள் இறங்கும் நீர் மெல்ல வடிந்து ஓரளவு தெளிந்து சேரும். நம்முடைய கல்லுக்குள் இறங்கும் நீருக்கு அப்படி வடிகட்டி ஏதும் இல்லை, பொந்து வழியே ஓடிவிடும்.

இது ஆய்வுகூடத்துக்காரர் வந்து சொல்லித் தெரிய வேண்டிய செய்தியல்ல. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கின்றன. கீரிமலையில் நிலத்துக்கடியால் வரும் நன்னீர் கடற்கரையில் கேணியில் வந்து விழுகிறது. பாடசாலைச் சுற்றுலாவில் பார்த்தோம், வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அதிசயமென்று காட்டுகிறோம். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நம்முடைய கிணற்றுத் தண்ணீர் நம்முடைய வளவுக்குள்ளேயே ஊறுகிறது என்ற நினைப்பில் நடக்கிறோம். மேலே கிடுகு வேலியும் மதிலும் எவ்வளவு உயரமாக இருந்தாலும் கல்லுக்குக் கீழே எல்லை இல்லை. ஏழாலையில் இறங்கியது எந்த ஊர்க் கிணற்றில் ஏறும் என்று உறுதியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

முதலில் தோட்டக்காரரோடு பேசுகிறேன். கோபிக்க வேண்டாம், அடுத்து வீட்டுக்காரரிடம் வருகிறேன்.

யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஒரு 50 கிலோ மூட்டைக்குள் 23 கிலோ. ஈரமண்ணில் போட்ட சில நாட்களில் அது அமோனியமாகும். அமோனியத்தை மண் ஓரளவு பிடித்துவைத்திருக்கும். அடுத்த ஓரிரு கிழமையில் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நைத்திரேற்றுக்கு மறை ஏற்றம். களித்துணிக்கைகளின் மேற்பரப்பும் பெரும்பாலும் மறை ஏற்றம் கொண்டது. ஆகவே மண்ணோடு அது ஒட்டாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். வெங்காயத்தின் வேர் ஓர் அடி ஆழத்துக்குக்கூட ஒழுங்காகப் போவதில்லை. வேர் எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்ட நைத்திரேற்று பயிருக்கு இல்லை, அது கிணற்றுக்கு.

நாம் இறைக்கும் விதம் இதற்கு நன்றாகவே துணைபோகிறது. துலாவில் இறைத்தபோது ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்தி மாற்ற வேண்டும். உடம்பு நோக இறைத்த தண்ணீர் ஆகையால் பாத்தி நனைந்ததும் மடை மாறிவிடும். 1950களிலிருந்து இறைப்பு மிசின் பரவியது. பிறகு மின்சார மோட்டர். இப்போது ஆளியைப் போட்டுவிட்டுத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். அதற்குள் பாத்தி நிறைந்து வழிந்துவிடும். பசளை எறிந்த அன்றே இப்படி நிறையக் கட்டினால், காசு கொடுத்து வாங்கியதை நாமே கழுவிக் கீழே இறக்குகிறோம். இன்னொரு கேடும் உண்டு. நம்முடைய நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்பது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே எவ்வளவு உப்பு மேலேறும் என்று நீங்களே பாருங்கள்.

இனி அந்த மூட்டைக்குத் திரும்பி வருவோம். 23 கிலோ நைதரசன் முழுவதும் நைத்திரேற்றானால் அது 100 கிலோவுக்குச் சற்று மேல் வரும். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. போட்டதில் பாதியைப் பயிர் எடுத்துக்கொண்டு மற்றப் பாதி மட்டும் இறங்குகிறது என்று வையுங்கள். அந்தப் பாதி மூட்டை, ஒன்றுமே கலவாத 10 லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லீற்றர் எடுக்கும் ஒரு குடும்பம் அந்தத் தண்ணீரை 130 வருடத்துக்கு மேல் பாவிக்கலாம். அரை மூட்டையின் கணக்கு இது. உங்கள் ஊரில் ஒரு போகத்துக்கு எத்தனை மூட்டை இறங்குகிறது என்பது கமநல சேவை நிலையத்துக்கும் உங்களுக்கும் தெரியும்.

வலிகாமத்துக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிவிட்டதென்று 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். சில தோட்டக் கிணறுகளில் அந்த எல்லையின் இரண்டு மடங்குக்கு மேலும் கண்டார்கள். அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, உயர் பாதுகாப்பு வலயம் என்று முப்பது வருடம் போனது. கிணற்றைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? இப்போது நேரம் இருக்கிறது.

தோட்டக்காரர் அறியாமையால் கூடப் போடுகிறார்கள் என்று மேடையில் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. சின்ன வெங்காயம் ஒரு சூதாட்டம். விதை வெங்காயம் வாங்கின காசு, கூலி, மின்சாரக் கட்டணம் எல்லாம் மண்ணுக்குள் கிடக்கும்போது, தாள் கொஞ்சம் வெளிறினால் யாருக்கும் பயம் வரும். இன்னும் இரண்டு கை எறிவது அந்தப் பயத்துக்கு மருந்து. அதுவும் பசளை மலிவாகக் கிடைத்த காலத்தில் மிக மலிவான மருந்து. 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளைக்கு ஒரேயடியாகத் தடை என்று கொழும்பில் அறிவித்தார்கள். நாடு முழுவதும் விளைச்சல் விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்த ஏழு மாதமும் யாருடைய கிணற்றையும் திருத்தவில்லை. யூரியாவைப் பற்றி ஒழுங்காகப் பேசக்கூடிய வாயை மட்டும் அடைத்துவிட்டது. இன்றைக்கு அளவைக் குறையுங்கள் என்று சொல்லப் போனால், திரும்பவும் சேதனப் பசளைக் கதையா என்று தோட்டக்காரர் சிரிக்கிறார்.

சேதனப் பசளைக் கதை சொல்ல நான் வரவில்லை. மாட்டெருவும் ஆட்டெருவும் அளவுக்கு மிஞ்சினால் அவற்றிலிருந்தும் நைத்திரேற்றுத்தான் வரும்; கோழி எரு இன்னும் வேகமாகக் கொடுக்கும். நம் முன்னோர் குழை தாழ்த்ததிலும் பனையோலை வெட்டிப் புதைத்ததிலும் பட்டியடைத்ததிலும் இருந்த நன்மை வேறு. அவை மெல்ல உக்கி மெல்லக் கொடுப்பவை, மண்ணுக்குத் தண்ணீரைப் பிடித்துவைக்கும் குணத்தையும் சேர்ப்பவை. பூவரசங் குழையும் கிளிசறியாவும் வேலியிலேயே நிற்கின்றன, வெட்டத்தான் ஆள் இல்லை. ஆள் கிடைத்தவர்கள் செய்யுங்கள். கிடைக்காதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதை யாரும் உங்களுக்கு உரக்கச் சொல்லாததுதான் எனக்கு வியப்பு.

உங்கள் கிணற்றில் இருப்பது தண்ணீர் மட்டும் அல்ல. நீங்களும் அயலவரும் பல வருடமாகப் போட்ட பசளையும் அதற்குள் கரைந்து கிடக்கிறது. உங்கள் கிணற்றில் ஒரு லீற்றருக்கு 100 மில்லிகிராம் நைத்திரேற்று என்று வையுங்கள். ஒரு போகத்தில் ஒரு பரப்புத் தோட்டத்துக்கு ஒரு லட்சம் லீற்றர் இறைக்கிறீர்கள் என்றால், அந்தத் தண்ணீரோடு 10 கிலோ நைத்திரேற்று பாத்திக்குப் போகிறது. யூரியாக் கணக்கில் அது ஏறத்தாழ 5 கிலோ. பதினாறு பரப்புக்கு, அதாவது ஓர் ஏக்கருக்கு, 80 கிலோவுக்கு அருகில். ஒரு சதமும் கொடுக்காமல். இந்த அளவை எழுதி எடுத்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் போய், என்னுடைய பயிருக்கு நீங்கள் சொல்லும் அளவிலிருந்து இதைக் கழித்துச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அவர் கழித்துத்தான் சொல்ல வேண்டும். கிணற்றிலுள்ள பசளையைப் பயிர் தின்னத் தின்னக் கிணறும் மெல்லத் தெளியும். மூட்டைக் காசும் மிஞ்சும். கிணற்றை அளக்காமல் பசளை போடுவது, பானையில் ஏற்கெனவே எவ்வளவு உப்பு விழுந்தது என்று பாராமல் உப்புப் போடுவது.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவையே. ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுவது. போட்ட அன்று தண்ணீரை அளந்து கட்டுவது. வசதியுள்ளவர்கள் சொட்டு நீருக்கோ தூவல் நீருக்கோ மாறுவது. எல்லாவற்றிலும் பெரியது ஐப்பசி மழை. கோடைப் போகம் முடிந்து வெறும் நிலமாகக் கிடக்கும் தோட்டத்தில் எஞ்சிய நைத்திரேற்று முழுவதையும் முதல் பெருமழை கழுவிக்கொண்டு இறங்கும். அந்த நேரத்தில் நிலத்தில் ஏதாவது ஒரு பயிர் வேரோடு நிற்க வேண்டும். குரக்கனோ சணலோ எதுவானாலும் சரி. விற்க முடியாவிட்டால் உழுது மண்ணுக்குள் விடுங்கள். மழை வருகிறதென்று தெரிந்து முதல்நாள் யூரியா எறிவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

இப்படிக் கணக்கு வைத்து எங்கேயாவது தண்ணீர் திருந்தியிருக்கிறதா என்று கேட்பீர்கள். டென்மார்க்கில் குடிநீர் அநேகமாக முழுவதும் நிலத்தடி நீர்தான், நம்மைப் போல. 1987இல் தொடங்கி அரசாங்கம் பண்ணைக்காரர் ஒவ்வொருவரையும் நைதரசனுக்கு வரவு செலவு எழுத வைத்தது. அவர்களும் எதிர்த்தார்கள், சண்டை பிடித்தார்கள், எழுதினார்கள். நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறிக்கொண்டு போனது நின்று, இறங்கத் தொடங்கியது. நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிப்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் தண்ணீருக்குப் பின்னால் கணக்குப் புத்தகம் இருப்பதையும் அடுத்த முறை கேட்டு வையுங்கள்.

மருந்தைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. ஒன்றே ஒன்று. மருந்தடிக்கும் டாங்கியைக் கிணற்றடியில் வைத்துக் கலக்குவதும், அடித்து முடித்த பிறகு கிணற்றடியிலேயே கழுவி ஊற்றுவதும் உங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. தண்ணீர் அங்கேதானே இருக்கிறது. பொந்துள்ள கல்லில் கிணற்றுக் கட்டுக்கு அருகே ஊற்றுவதும் கிணற்றுக்குள் ஊற்றுவதும் ஒன்றுதான். ஒரு வாளி தண்ணீரைத் தோட்டத்துக்குள் தூக்கிக்கொண்டு போய், கலக்கி, அடித்து, கழுவிய நீரையும் அதே பயிருக்கு அடித்து முடியுங்கள். போத்தில் மூடியளவை மருந்துக்கடைக்காரர் வாயால் கேட்காமல் லேபிளில் பாருங்கள். கடைக்காரருக்கு விற்க வேண்டிய தேவை உண்டு. உங்களுக்கு அது இல்லை.

இனி வீட்டுக்காரர்.

தோட்டக்காரரைப் பற்றி எழுதும்போது தலையாட்டிக்கொண்டு வாசித்திருப்பீர்கள். தோட்டம் செய்யாதவர்களுக்கு யூரியாக் கதை ஒரு சுகம். ஆனால் ஒரு மனிதர் ஒரு வருடத்தில் கழிக்கும் நைதரசன் நம் சாப்பாட்டு முறைக்கு ஏறத்தாழ 3 கிலோ. அதில் பெரும்பங்கு சிறுநீரில். ஐந்து பேருள்ள வீட்டில் 15 கிலோ. அதாவது ஒரு யூரியா மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கை ஆண்டுதோறும் உங்கள் வளவுக்குள், ஒரே இடத்தில், எந்தப் பயிரின் வேரும் எட்டாத ஆழத்தில் புதைக்கிறீர்கள். தோட்டக்காரர் போட்டதில் பாதியையாவது வெங்காயம் தின்கிறது. உங்கள் குழியிலிருந்து இறங்குவதைத் தின்ன அங்கே ஒன்றும் இல்லை. கூடவே கிருமியும் போகிறது.

நம் பக்கத்தில் ஒரு பெருமை உண்டு: எங்கள் குழி வெட்டி இருபது வருடம், இன்னும் நிறையவே இல்லை. நல்ல மேசன், நல்ல குழி என்று சொல்வார்கள். நிறையாத குழி என்றால் அடியில்லாத குழி. அதற்குள் விழுந்தது எல்லாம் வெடிப்பு வழியே எங்கேயோ போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே என்பதுதான் கேள்வி. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்று வழக்கமாகச் சொல்கிறோம். மணலுக்கோ களிக்கோ அந்த இடைவெளி ஏதோ காக்கும். வெடித்த சுண்ணாம்புக்கல்லில் அந்தத் தூரத்தைக் கடக்கத் தண்ணீருக்கு அதிக நேரம் தேவையில்லை. அதோடு, நாலு பரப்பைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகப் பிரித்துப் பிரித்து இரண்டு பரப்பாகி, ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு குழி என்று ஆன பிறகு, உங்கள் குழி உங்கள் கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி இருக்கும். அடுத்த வீட்டுக் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளந்து பார்த்திருக்கிறீர்களா?

வெளிநாட்டுக் காசில் எழும்பும் வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலும் கீழுமாக நான்கு குளியலறை. மாபிள், சுடுநீர், எல்லாம் உண்டு. எல்லாக் குழாயும் போய்ச் சேரும் இடம் அப்புவின் காலத்துக் குழியின் பெரிய பதிப்பு. அந்தச் செலவில் ஒரு சிறு பங்கு போதும், அடியும் சுவரும் சீமெந்தால் அடைத்த, இரண்டு அறையுள்ள மலக்கழிவுத் தொட்டி ஒன்றைக் கட்ட. இனிக் கட்டுபவர்கள் இதில் சாட்டுச் சொல்ல வேண்டாம். தொட்டியிலிருந்து வெளியே வரும் நீரிலும் நைதரசன் இருக்கும். தொட்டி கட்டினால் எல்லாம் தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த நீரை ஆழக் குழிக்குள் விடாமல், மேல்மண்ணில் ஆழமில்லாத வாய்க்கால் வெட்டிச் சரளை பரப்பி விட்டால், வாழையும் கமுகும் அதில் ஒரு பங்கை எடுக்கும். குளித்த நீர், உடுப்புத் தோய்த்த நீரைக் குழிக்குள் விடாமல் நேரே வாழைக்கு விடுங்கள். அம்மா அப்படித்தான் கிணற்றடி வாழைக்கு விட்டார். அட்டாச்ட் பாத்ரூம் வந்த பிறகுதான் அதைக் குழாய்க்குள் அடைத்தோம்.

தொட்டி நிறையும். நிறைந்தால் பவுசர் வரும். அந்தப் பவுசர் உறிஞ்சிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது என்று பிரதேச சபையைக் கேட்பது உங்கள் உரிமை. உறுப்பினர்கள் தேர்தலுக்கு வரும்போது வீதி விளக்கையும் மதகையும் கேட்கிறோம். மலக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தைக் கேட்டவர் எத்தனை பேர்?

குழாய்த் தண்ணீர் வருகிறதே, இனிக் கிணற்றைப் பற்றி என்ன கவலை என்று சிலர் சொல்கிறார்கள். இரணைமடுக் குளத்து நீருக்காகப் பல வருடம் கிளிநொச்சி விவசாயிகளோடு மனம் கசந்த பிறகு, 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு. நல்லது, குடிப்பதற்கு ஒரு வழி. ஆனால் வெங்காயத்தைக் கடல்நீர் சுத்திகரித்து இறைக்க முடியாது. வீட்டுக்குள் தண்ணீர் தாராளமாக வந்தால் குழிக்குள்ளும் தாராளமாகப் போகும். வடிகால் இல்லாமல் குழாய் மட்டும் போட்ட ஊரில் நிலத்தடி நீர் முன்னைவிடக் கெடும். குழாய்க்குக் கையெழுத்து வைத்த அதே கையால் கழிவுநீருக்கும் மனுக்கொடுக்க வேண்டும்.

அப்படி என்ன செய்துவிடும் இந்த நைத்திரேற்று என்று இன்னும் நினைப்பவர்களுக்கு: 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர், தோட்டக் கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைகள் நீலம் பாரித்ததை எழுதினார். வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாகி, இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடுகிறது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் பெரிய ஆபத்து. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளைக்குப் பயமில்லை. தாய் குடித்த நைத்திரேற்று பாலில் அவ்வளவாகச் சேர்வதில்லை. போத்தில் பால் குடிக்கும் பிள்ளைக்குத்தான் கிணறு எமன்.

இங்கே நம்முடைய நல்ல பழக்கம் ஒன்றே நம்மை ஏமாற்றுகிறது. கொதித்தாறிய தண்ணீர் கொடுத்தால் குழந்தைக்கு ஒன்றும் வராது என்று கிழவிமார் தொடக்கம் தாதிமார் வரை சொல்லித் தந்திருக்கிறார்கள். கிருமிக்கு அது சரி, கட்டாயம் செய்யுங்கள். நைத்திரேற்று கொதித்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், நைத்திரேற்று அப்படியே நிற்கும். ஒவ்வொரு லீற்றரிலும் முன்னைவிடக் கொஞ்சம் கூடும். துணியில் வடித்தாலும், மண்பானையில் வைத்தாலும், தேற்றாங்கொட்டை உரைத்தாலும் போகாது. மணமில்லை, நிறமில்லை, கிணறு பளிங்குபோல் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு வருவது நீண்ட காலக் கணக்கு. வயிற்றில் நைத்திரோசோச் சேர்வைகள் உண்டாகும் நிலையில் நைத்திரேற்று மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. நம் பக்கத்துப் புற்றுநோய் எல்லாவற்றையும் கிணற்றின் தலையில் போடுவது நேர்மையல்ல. வெற்றிலையும் புகையிலையும் சாராயமும் நம் ஊரில்தான் இருக்கின்றன.

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். மின் நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளில் மிதந்தபோது ஊர் எழும்பியது. உண்ணாவிரதம் இருந்தது, பவுசரில் தண்ணீர் வந்தது, வழக்குக் கொழும்புக்குப் போனது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட உத்தரவிட்டது. எண்ணெய் மணக்கும், கண்ணுக்குத் தெரியும், குற்றவாளிக்கு ஒரு பெயர்ப்பலகை இருக்கும். நைத்திரேற்று வழக்கில் வாதியும் பிரதிவாதியும் நாமே. யாருக்கு எதிராக வீதிக்கு இறங்குவது? அதனால்தான் நாற்பது வருடமாக ஆய்வுக் கட்டுரைகளுக்குள் மட்டும் இருக்கிறது இந்தக் கிணறு.

நான் கேட்பது சின்ன வேலை. ஒவ்வொரு சனசமூக நிலையமும் கமக்காரர் அமைப்பும் சேர்ந்து, வருடத்துக்கு இரண்டு முறை, புரட்டாதியில் மழைக்கு முன் ஒருமுறையும் தையில் ஒருமுறையும், தங்கள் ஊர்க் கிணறுகளை அளக்க வேண்டும். தாளைத் தோய்த்து நிறம் பார்க்கும் நைத்திரேற்றுப் பட்டி விலை கூடியதல்ல; பாடசாலையில் இரசாயனம் படிக்கும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையில் ஒரு குறிச்சியை முடித்துவிடுவார்கள். எல்லைக்கு மேல் காட்டும் கிணறுகளை மட்டும் நீர் வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையுள்ள வீடுகள் முதலில். அந்தப் பட்டியல் குடும்பநல உத்தியோகத்தரிடம் இருக்கிறது. புது வீட்டு வரைபடம் பிரதேச சபைக்குப் போகும்போது, அயல் கிணறுகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

அளந்த எண்ணை வாசிகசாலைப் பலகையில், மரண அறிவித்தல் ஒட்டும் இடத்துக்குப் பக்கத்தில், கிணறு கிணறாக எழுதுங்கள். இதற்குத்தான் எதிர்ப்பு வரும் என்று தெரியும். காணி விலை விழும், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்க வைத்திருக்கிறோம் என்பார்கள். விழட்டும். அந்தக் காணியை வாங்குபவரும் சீதனமாகப் பெறுபவரும் அந்தக் கிணற்றில்தான் பால்மா கரைக்கப் போகிறார்கள். பங்கை எழுதிய உறுதியில் இந்த எண்ணையும் எழுதச் சொல்லி நொத்தாரிசைக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருக்கிறது.

இப்படிக்கு,
வலிகாமம் தெற்கிலிருந்து ஒரு கிணற்றுப் பங்காளி